மெட்ராஸ் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்: பழைய 1/72 கிட் ஒன்றைக் கட்டி முடித்த பதிவு

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1970களில் அச்சு வெட்டிய 1/72 ஸ்பிட்ஃபயர் 5-பி கிட்டை (இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் சண்டை விமானத்தை 72-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி), பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) விமானமாகக் கட்டிய வேலைக்குறிப்பு இது. 234-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் அதன் முழுப்பெயர்: 234 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். இரண்டாம் உலகப்போரின்போது சென்னை மாகாணத்திலிருந்து போன போர்நிதிக்காக வைத்த பெயர் அது. 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர் உண்டு. ஆனால் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது 234-தான். விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் அடையாள எழுத்துகள் ஏ-இசட்.

சின்ன வயதில் கட்டிவிட்டு, இருபது முப்பது வருடம் கழித்துத் திரும்ப வருகிறவர்கள் முதல் கிட்டிலேயே செய்யும் தப்பு ஒன்று உண்டு. பழைய கிட்டைப் புதிய கிட் மாதிரி ஆக்கப் பார்ப்பார்கள். எல்லா மேடுகோடுகளையும் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் புடைப்புக் கோடுகள்) தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீறுவார்கள், காக்பிட் (விமானியின் அறை) முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வார்கள், மூக்கின் வடிவத்தைத் திருத்துவார்கள். பாதியில் அலுத்துப்போய்ப் பெட்டி பரணுக்குப் போய்விடும். பழைய கிட்டில் திருத்த வேண்டியவை நாலைந்துதான்: இணைப்புக் கோடு, இறக்கையின் ஏற்றக் கோணம், இறக்கையின் பின்விளிம்பு, கேனோபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி), பீரங்கிக் குழல். ஒரு முழ தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது இவைதான். மற்றதை அச்சு வெட்டியவர் விட்டபடியே விடலாம்.

பெட்டியைத் திறந்ததும்

பசையைத் தொடுவதற்கு முன்பு மூன்று சோதனை. முதலில் குறிப்புத்தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் ஸ்ப்ரூவில் (பாகங்கள் தொங்கும் பிளாஸ்டிக் கம்பிச் சட்டம்) தேடிப் பார்த்து டிக் அடிக்க வேண்டும். பழைய பெட்டிகளில் பாகங்கள் ஸ்ப்ரூவிலிருந்து தானாகவே விழுந்து கிடக்கும். பிடோ குழாய் (காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்), வால் சக்கரம் போன்ற பொடிப் பாகங்கள் அட்டைமடிப்பின் இடுக்கில் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வளைவு. உடலின் இரண்டு பாதிகளையும் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கீழ் இறக்கை முழு நீளத்துக்கும் ஒரே துண்டு. அதுதான் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கு இருந்தால் 60 டிகிரி அளவு சூடான நீரில் அரை நிமிடம் மூழ்க வைத்து, கையால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் விட வேண்டும். கொதிக்கிற தண்ணீர் கூடாது. பாலிஸ்டைரின் 90 டிகிரியைத் தாண்டும்போது இளகிவிடும். மெல்லிய இறக்கை நுனி சுருண்டுபோனால் மீட்க முடியாது.

மூன்றாவது அளவு. நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 36 அடி 10 அங்குலம், 1/72-இல் 155.9 மி.மீ. நீளம் 29 அடி 11 அங்குலம், 126.6 மி.மீ. வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்து ஒரு மி.மீ. முன்பின் இருந்தால் கையை வைக்க வேண்டாம்.

பிறகு குளியல். அச்சிலிருந்து பாகங்கள் சுலபமாகக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு இத்தனை வருடம் கழித்தும் பிளாஸ்டிக்கின் மேல் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்ப்ரூவோடு தேய்த்து, கழுவி, நிழலில் காயவிட வேண்டும். வடிகட்டி வைத்துக் கழுவினால் பொடிப் பாகங்கள் ஓடாது. இதைச் செய்யாத கிட்டில் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்தே உரிந்து வரும்.

கருவிகள்

பெரிய பட்டியல் வேண்டாம். பக்கவெட்டுக் கட்டர், 11-ஆம் நம்பர் பிளேடு போட்ட கத்தி, 400, 600, 1000, 2000 வாட்டர் பேப்பர், முனை நுண்ணிய ட்வீசர், 0.5, 0.8 மற்றும் 1.3 மி.மீ. துளை போடப் பின் வைஸ் (விரலால் சுழற்றும் குட்டி டிரில்), துணி கிளிப்புகள், 6 மி.மீ. மாஸ்கிங் டேப். வாட்டர் பேப்பரை ஐஸ் குச்சியில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிக்கொண்டால் அதுவே நல்ல அரம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதில் ஒன்று கூடும்: தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. விளக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். ஒரே விளக்கு என்றால் கையின் நிழலில்தான் வேலை செய்வீர்கள்.

பசை விஷயத்தில்தான் திரும்பி வருகிறவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். அந்தக் காலத்து ட்யூப் பசை கெட்டியானது. நூல் நூலாக இழுபடும், கேனோபியில் கைரேகை பதியும். இப்போது புழக்கத்தில் இருப்பது தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற தண்ணீர் மாதிரியான பசை. பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும் கலந்த இது, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். நடுவில் பசை என்று ஒரு படலமே மிஞ்சாது. தடவும் முறையும் வேறு. பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியை இடுக்கில் தொட்டால் போதும். பசை தானாக இடுக்குக்குள் ஓடும். உங்கள் விரல் அந்த இடுக்கின் மேல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும். விரலை இணைப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஃபெவிக்விக்கை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது வேண்டாம். உலோகத்தைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட மட்டும் அது சரி. இணைப்புகளில் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகக் காய்ந்துவிடும். தேய்க்கும்போது பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் இறங்கி, பசை மேடாக நிற்கும்.

காக்பிட்

கேனோபி மூடியே இருக்கப்போகிறது. பழைய வார்ப்பு என்பதால் அது தடிமன். அதன் வழியாகத் தெரிவது இருக்கையும், பெல்ட்டும், பின்னால் உள்ள தகடும் மட்டும்தான். கிட்டில் வரும் விமானி பொம்மையை வைத்துவிட்டால் அதுவும் தெரியாது. இந்தக் கிட்டில் விமானியை விட்டுவிட்டு பெல்ட் போட்டிருக்கிறது: மாஸ்கிங் டேப்பை 0.7 மி.மீ. அகலத்துக்கு வெட்டி (நிஜத்தில் இரண்டு அங்குலம்), பழுப்பு வெள்ளை அடித்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. உள்பக்கம் ஹம்ப்ரால் 78 (காக்பிட் பச்சை பெயிண்ட்). காய்ந்தபின் அதே பச்சையில் கொஞ்சம் வெள்ளை கலந்து, பிரஷ்ஷைத் துணியில் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிட்டு விளிம்புகளின் மேல் மட்டும் உரசினால் ஆழம் தெரியும். இதற்கு மேல் இந்தக் காக்பிட்டுக்கு நேரம் செலவழிக்க அவசியமில்லை.

இறக்கை

உழைப்பெல்லாம் இங்கேதான். ஸ்பிட்ஃபயரின் அடையாளமே அதன் நீள்வட்ட இறக்கை. அது தடியாக இருந்தால் எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் அடித்தாலும் பொம்மையாகவே தெரியும்.

பின்விளிம்பில் மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும்போது 0.8 மி.மீ. தடிமன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 72-ஆல் பெருக்கினால் ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிஜ இறக்கையின் விளிம்போ கத்தி மாதிரி இருக்கும். இதை ஒட்டியபிறகு வெளியிலிருந்து தேய்த்தால் மேற்பரப்பில் உள்ள கோடுகள் அழிந்துவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே உள்பக்கத்திலிருந்து தேய்க்க வேண்டும். கண்ணாடிப் பலகையில் 400 வாட்டர் பேப்பரை விரித்து, சில சொட்டு நீர் விட்டு, மேல் பாதியின் உள்பக்கப் பின்விளிம்பை அதில் படிய வைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் வழியாக விரல் நிழல் லேசாகத் தெரிய ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். சேர்த்துப் பார்க்கையில் 0.4 மி.மீ. வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் பசை பட்டவுடன் விளிம்பு அலை அலையாகிவிடும்.

அடுத்தது ஏற்றக் கோணம், 6 டிகிரி. முன்னாலிருந்து பார்க்கும்போது இரண்டு இறக்கையும் ஒரே அளவு உயர்ந்திருக்க வேண்டும். கீழ் இறக்கை ஒரே துண்டாக இருந்தாலும் பழைய வார்ப்பில் இது தட்டையாகத் தளர்ந்திருக்கும். கணக்கு எளிது: இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து 70 மி.மீ. தள்ளி, இறக்கை 7.4 மி.மீ. மேலே இருக்க வேண்டும். கெட்டி அட்டையில் இந்த அளவுக்கு இரண்டு முக்கோணத் தாங்கிகள் வெட்டிக்கொண்டு, ஒட்டியபின் நுனிகளை அவற்றின் மேல் நிறுத்தி, நடுவில் ஒரு சின்ன எடையை வைத்து இரவு முழுக்க விட வேண்டும்.

இப்போது உடலோடு பொருத்தினால் இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சந்து தெரியும். இதைப் பட்டி வைத்து அடைப்பதுதான் எல்லோரும் செய்வது. பட்டி வைத்த இடத்தைத் தேய்க்கும்போது அங்கிருக்கிற அழகான வளைவும் போய்விடும். சந்து ஏன் வருகிறது என்று பார்த்தால், உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டும்போது கிளிப் போட்டு நெருக்கியதால் பக்கச்சுவர் உள்ளே அமுங்கியிருக்கும். அதற்கு வைத்தியம் உள்ளேயே இருக்கிறது. இறக்கை உட்காரும் திறப்பில், பக்கச்சுவர்களுக்கு நடுவே ஸ்ப்ரூ துண்டு ஒன்றைக் குறுக்குக்கட்டையாக வைக்க வேண்டும். முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, இறக்கையைப் பொருத்திப் பார்த்து, தேவைக்கு அரைமில்லி அரைமில்லியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், சுவர் வெளியே தள்ளி இறக்கையின் மேல் வளைவோடு ஒட்டி நிற்கும். அந்த இடத்தில் குறுக்குக்கட்டையை ஒட்டிவிட்டால் பட்டியே தேவைப்படாது. இந்தக் கிட்டில் இடது பக்கம் முழுக்க மூடிக்கொண்டது. வலது பக்கம் ஒரு மயிரிழை மிஞ்சியது, அதற்குப் பெயிண்டே போதும்.

அடிவயிறு, ஸ்ப்ரூவைக் கரைத்த பட்டி

கீழ் இறக்கையின் பின்பக்கம் உடலின் அடிவயிற்றில் சேரும் இடத்தில் ஒரு படிக்கட்டு வரும். இதற்குக் கடைப் பட்டியைவிட நல்லது, கிட்டின் ஸ்ப்ரூவையே கரைத்துச் செய்யும் பட்டி. காலியாகப் போகும் எக்ஸ்ட்ரா தின் பாட்டிலில் கால் பங்கு பசை இருக்கும்போதே, அதே கிட்டின் ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கிப் போட்டு மூடி, ஒரு நாள் விட வேண்டும். தேன் பதம் வந்தால் சரி. கெட்டியானால் பசை சேர்க்கலாம். நீர்த்துப்போனால் இன்னும் நாலு துண்டு. இதன் பெரிய நன்மை, காய்ந்தபின் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே கடினம். தேய்த்தால் சமமாக இறங்கும்.

குறை ஒன்றே: மெதுவாகச் சுருங்கும். அடுத்த நாளே தேய்த்து வழவழவென்று ஆக்கினால் பத்து நாளில் அதே இடத்தில் பள்ளம் விழும். பெயிண்டுக்கு அடியில் பேய்க்கோடு மாதிரி இணைப்பு மறுபடி எழும். மேடாக வைத்து, ஒரு வாரம் மறந்துவிட்டு, பிறகு தேய்க்க வேண்டும். சாதாரண இணைப்புகளுக்குக்கூட 48 மணி நேரம் கொடுங்கள்.

வாகனப் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் என்.சி. பட்டியும் நல்ல பொருள்தான். அதை மெலிசாக, ஒரு தடவைக்கு அரை மி.மீ.க்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். அதில் உள்ள தின்னர் பாலிஸ்டைரினைத் தின்னும். கனமாக அப்பினால் அடியில் உள்ள பிளாஸ்டிக் கொழகொழவென்று ஆகிவிடும். என்.சி. தின்னரை மாடலின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் துணியில் தொட்டுத் துடைக்காதீர்கள். ஏர்பிரஷ்ஷைக் கழுவ மட்டும் அது.

மேடுகோடுகள்

1970களின் ஏர்ஃபிக்ஸ் கிட்டுகளில் தகடுகளின் இணைப்புகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும். எல்லாவற்றையும் தேய்த்துவிட்டுக் கீறினால்தான் சரி என்று ஒரு கட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.2 மி.மீ. மேடு நிஜத்தில் 14 மி.மீ. உயரம், அதே 0.2 மி.மீ. கீறல் நிஜத்தில் 14 மி.மீ. அகலப் பள்ளம். இரண்டும் நிஜ விமானத்தில் கிடையாது. மேட்ச்பாக்ஸ் நிறுவனக் கிட்டுகளின் ஆழமான கீறல்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேடுகோட்டை 1000 வாட்டர் பேப்பரால் இரண்டு தடவை லேசாக இழுத்துவிட்டால் பாதி உயரம் குறைந்து அடக்கமாகிவிடும்; அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உடலின் முதுகு இணைப்பைத் தேய்க்கும்போது அதைக் குறுக்கே கடக்கும் கோடுகள் மட்டும் அழியும். அவற்றைத் திரும்ப வரவைக்க இழுத்த ஸ்ப்ரூ நூல். பத்து சென்டிமீட்டர் ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுப்பகுதி முதலில் பளபளக்கும், பிறகு தொய்யும். தொய்ந்ததும் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு விநாடி பொறுத்து, இரண்டு கையையும் அகல விரிக்க வேண்டும். சட்டென்று இழுத்தால் தலைமுடி மாதிரி வரும். மெதுவாக இழுத்தால் தடித்த நூல். ஐந்து விநாடி இழுத்தபடியே பிடித்தால் நேராக உறையும். சுடருக்குள்ளேயே இழுத்தால் அறுந்து எரியும். உருகிய துளி கையில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கவனம்.

0.2 மி.மீ. நூலைத் தேர்ந்தெடுத்து, அழிந்த கோட்டின் இரண்டு மிச்ச நுனிகளுக்கும் நடுவில் படுக்க வைத்து, பசை பிரஷ்ஷை பாட்டிலின் வாயில் நன்றாக வழித்துவிட்டு ஒரு முனையை மட்டும் தொட வேண்டும். பசை கூடினால் நூலே கரைந்து காணாமல் போகும். மறுநாள் 1000-இல் ஒரே ஒரு இழுப்பு. பழைய கோடு எங்கே முடிந்து புதியது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

பீரங்கியும் மூக்கும்

5-பி-யில் இறக்கைக்கு ஒரு 20 மி.மீ. ஹிஸ்பானோ பீரங்கி. பழைய வார்ப்பில் இவை நுனி மொட்டையான குச்சிகள். மருந்துக்கடை ஊசிகள் இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகின்றன: 18 கேஜ் ஊசியின் வெளி விட்டம் 1.27 மி.மீ., 21 கேஜுக்கு 0.8; இரண்டாவது முதலாவதுக்குள் இறுக்கமாக நுழையும். அடிப்பகுதிக்கு 18, நுனிக்கு 21 என்று அடுக்கினால் குழல் படியாக மெலிந்து வரும். பயன்படுத்தாத புது ஊசிதான் வாங்க வேண்டும். ஊசியைக் கட்டரால் வெட்டினால் வாய் நசுங்கிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கீறி, இரண்டு பிளையரால் பிடித்து வளைத்தால் சுத்தமாக முறியும். சாய்வான கூர்முனையை முதல் வேலையாக முறித்து, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். இறக்கையில் 1.3 மி.மீ. துளை, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. ஆனால் இதைப் பெயிண்ட் முடிந்தபிறகே செருக வேண்டும். முன்னாலேயே ஒட்டினால் கை பட்டு வளையும்.

புகைபோக்கிகளின் நுனியை 0.5 மி.மீ. துளையால் குழித்துவிட்டால் போதும். மூக்கில் எடை போடத் தேவையில்லை, இது வால்சக்கர விமானம். மூக்குச் சக்கரம் உள்ளவற்றில்தான் தூண்டில் ஈயக்குண்டு தேடி அலைய வேண்டியிருக்கும்.

கேனோபி

வெளிப்பக்கத்தில் கீறல் இருந்தால் 2000 வாட்டர் பேப்பரை நீரோடு, பிறகு கார் பாலிஷ் பருத்தித் துணியில். வெள்ளையாக மங்கியபின் மறுபடி தெளியும்வரை பத்து நிமிடம் தேய்க்க வேண்டும். பிரேம்களை மறைக்க, டேப்பை முழுவதும் ஒட்டி, பல்குச்சியால் பிரேமின் விளிம்பில் அழுத்தி, அந்த மடிப்பில் புது பிளேடால் வெட்டலாம். முதல் கோட் உள்பக்கப் பச்சை, அதன்மேல் வெளி நிறம். உள்ளே எட்டிப் பார்த்தால் பிரேம் பச்சையாகத் தெரியும். ஒட்டுவதற்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமற்றுப் போகும். ஃபெவிக்விக்கின் ஆவி கேனோபியைப் பால் நிறமாக்கிவிடும்.

பெயிண்ட்

1941 ஆகஸ்டுக்குப் பிறகான பகல் சண்டை விமான வண்ணம்: மேலே ஓஷன் கிரேயும் டார்க் கிரீனும், கீழே மீடியம் சீ கிரே. ஸ்பின்னரும் (புரொப்பெல்லரின் நடுக்கூம்பு) வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றும் பட்டையும் ஸ்கை (வெளிர் பச்சை நிறம்). பட்டை 18 அங்குலம், 1/72-இல் 6.35 மி.மீ., அதாவது 6 மி.மீ. டேப்பைவிட ஒரு இழை கூட. இறக்கையின் வெளிப்பகுதி முன்விளிம்பில் மஞ்சள். தமியா எண்கள் வரிசையாக எக்ஸ்எஃப்-82, 81, 83, 21. ஹம்ப்ராலில் 106, 163, 165, 90, மஞ்சளுக்கு 24. ஹம்ப்ராலின் 163-உம் 165-உம் சாட்டின் (அரை) பளபளப்பு, 106 மேட் (பளபளப்பில்லாதது). கடைசி வார்னிஷ் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும், பயப்பட வேண்டாம்.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும். முதலில் மஞ்சளும் ஸ்கையும், அவற்றின்மேல் டேப், பிறகு கீழ் கிரே, பிறகு ஓஷன் கிரே, கடைசியில் பச்சை. மஞ்சள் பிளாஸ்டிக்கை மறைக்காது. அடியில் வெள்ளை ஒரு கோட் அவசியம். ஏர்பிரஷ் என்றால் பெயிண்டுக்குச் சமஅளவு தின்னர், 0.3 ஊசி, 15 பிஎஸ்ஐ. பச்சைத் திட்டுகளுக்கு ப்ளூ டாக்கை (பிசையக்கூடிய ஒட்டும் களிம்பு) கயிறாக உருட்டி எல்லையில் வைத்து, நேர் மேலிருந்து அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் ஒரு பக்கம் எல்லை மங்கும். பிரஷ் பிடிக்கிறவர்களுக்கு எனாமல் நல்லது: டப்பாவை மூன்று நிமிடம் கலக்கி, பால் பதத்துக்கு நீர்க்கவைத்து, மூன்று மெல்லிய கோட், கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி.

நம் கடற்கரை ஊர்களில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி. தின்னர் ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமானால் அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளி படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். லாக்கரும் மேட் வார்னிஷும் வெள்ளை பூத்தது போல ஆவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே வேலையைத் தள்ளிப்போட்டு ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் முற்பகல் பத்து மணிக்கு மேல் அடிக்கலாம். பூத்துவிட்டால் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் பனி போலத் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சித்திரை வெயிலில் பிரச்சினை தலைகீழ்: அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்து புள்ளிப் புள்ளியாகத் துப்பும். ரிடார்டர் (காய்வதைத் தாமதமாக்கும் திரவம்) நாலு சொட்டு, கூடவே நுனியை அடிக்கடித் துடைக்க ஈரப் பஞ்சு.

டீக்கல்

பழைய டீக்கல் (நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படம்) தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தால், ஜிப் கவரில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் இரண்டு வாரம் ஒட்டி வைத்தால் வெளுக்கும். நீரில் போட்டதும் உதிர்கிறதா என்று தேவைப்படாத ஒரு துண்டில் சோதித்துவிட்டு, உதிர்ந்தால் மைக்ரோஸ்கேல் லிக்விட் டீக்கல் ஃபிலிமைத் தாள் முழுக்க ஒரு கோட் அடித்து, ஒரு நாள் கழித்து ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்ட வேண்டும்.

234-க்குக் கிட்டின் தாள் உதவாது. 1942 மே மாதத்தில் ரவுண்டல் (விமானப்படையின் வட்ட அடையாளம்) வகை மாறியது. அதற்கு முந்தைய விமானம் என்றால் உடலில் ஏ-1 வகை, 35 அங்குலம், அதாவது 12.3 மி.மீ. மேல் இறக்கையில் சிவப்பும் நீலமும் மட்டும் உள்ள பி வகை, 56 அங்குலம், 19.8 மி.மீ. ஸ்கை நிறத்தில் 24 அங்குல எழுத்துகள், 8.5 மி.மீ. உயரம், பொது எழுத்துத் தாள்களில் கிடைக்கும். ஏ-இசட் ரவுண்டலுக்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதும், தனி எழுத்தும், தொடர் எண்ணும் (8 அங்குலம், 2.8 மி.மீ., கறுப்பு) நீங்கள் எடுத்துக்கொண்ட ஒரு விமானத்தின் புகைப்படத்தைப் பார்த்தே முடிவாக வேண்டும். ஊகித்து ஒட்டினால் அது எந்த விமானமும் இல்லை.

முதலில் பளபளப்பு வார்னிஷ், தமியா எக்ஸ்-22 இரண்டு கோட். மேடுகோட்டின் இரண்டு பக்கமும் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாக மின்னுவதுதான் பழைய கிட்டுகளின் நிரந்தரத் தொல்லை. மைக்ரோ செட் (டீக்கலை ஒட்டவைக்கும் திரவம்) தடவி ஒட்டி, மேலே மைக்ரோ சால் (டீக்கலை இளக்கும் திரவம்) தடவினால் டீக்கல் முதலில் கோரமாகச் சுருங்கும். தொடவே கூடாது, ஒரு மணி நேரத்தில் தானாகப் படியும். அப்படியும் மின்னும் இடத்தில் ஊசியால் குத்தி மறுபடி மைக்ரோ சால்.

மேடுகோட்டில் கறுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) நிற்காது, பக்கங்களில் வழிந்து அழுக்காகத் தெரியும். அதற்குப் பதில் கூர்சீவிய 2-எச் பென்சிலைக் கோட்டின் ஓரத்தில் இழுத்தால் போதும். பிறகு மேட் வார்னிஷ்.

கடைசிப் பாகங்கள்

சக்கரத்தின் அடியை அரை மி.மீ. தட்டையாகத் தேய்த்தால் விமானத்தின் பாரம் தெரியும். புரொப்பெல்லர் கறுப்பு, நுனியில் 4 அங்குல மஞ்சள், 1.4 மி.மீ. 1941-42 காலத்து ஸ்பிட்ஃபயரில் வானொலிக் கம்பத்திலிருந்து வாலுக்குக் கம்பி கிடையாது. கம்பம் மட்டும் உண்டு. பதிலாக வால் இறக்கையின் இரண்டு நுனியிலிருந்தும் உடலின் பக்கவாட்டுக்கு ஒவ்வொரு ஐ.எஃப்.எஃப். (நம் விமானமா எதிரியா என்று ரேடாருக்குக் காட்டும் கருவி) கம்பி வரும். பழைய குறிப்புத்தாள்கள் இதைக் காட்டுவதில்லை. தலைமுடி அளவுக்கு இழுத்த ஸ்ப்ரூ நூலை ஃபெவிகால் புள்ளியில் ஒட்டி, சுடரை அணைத்துக் கனன்றுகொண்டிருக்கும் அகர்பத்தியின் சூட்டை ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டினால் தொய்வு போய் இறுகும். ஒரு விநாடிதான், அதிகமானால் அறுந்துவிடும்.

பிறகு பீரங்கிகள், கேனோபியின் டேப்பை உரித்தல். பிடோ குழாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிறகே ஒட்ட வேண்டும். இந்தக் கிட்டில் கையாளும்போது முதலில் உடைவது அதுதான். குறிப்புத்தாளில் அது எந்தப் படியில் வந்தாலும் கண்டுகொள்ளாதீர்கள்.